முகம் காட்ட வந்தவர்கள்

ஆசிரியர்களுக்கு நடத்தும் பயிற்சி வகுப்புகளில் எனக்கு என்றைக்குமே நம்பிக்கை இருந்ததில்லை. காலையில் ஒரு டீ, பதினோரு மணிக்கு ஒரு வடை, நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னைவிடப் பத்து வயது சின்னவர் ஒருவர் பிள்ளைகளை எப்படி நேசிப்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுப்பார். விருதுநகரில் நடந்த அப்படியொரு பயிற்சியில்தான் 'காலை வட்டம்' என்பதை முதன்முதலாகக் கேள்விப்பட்டேன். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை, பாடம் தொடங்குவதற்கு முன் கால் மணி நேரம் தரையில் வட்டமாக உட்காரவைக்க வேண்டுமாம். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்து ஒவ்வொருவரும் வணக்கம் சொல்ல வேண்டுமாம். பிறகு ஆளுக்கொரு வீட்டுச் சேதி. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. கடைசியில் ஒரு சின்ன விளையாட்டு. எங்களையே வட்டமாக உட்காரவைத்துச் செய்து காட்டச் சொன்னார்கள். மூட்டுவலியோடு தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க நாங்கள் பட்ட பாட்டை யாராவது படம் பிடித்திருந்தால் அன்றோடு அந்தத் திட்டமே நின்றுபோயிருக்கும்.

பாடத்தை முடிக்கவே நேரம் இல்லை, இதில் வட்டம் வேறா என்று நினைத்துக்கொண்டுதான் வீடு திரும்பினேன். ஆனால் தலைமையாசிரியர் விடவில்லை. தினமும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு. அவருக்கு உத்தரவு என்றால் உத்தரவுதான்.

எங்கள் பள்ளி வெம்பக்கோட்டைப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு ஊரில் இருக்கிறது. விருதுநகரிலிருந்து நான் இரண்டு பஸ் மாறிப் போவேன். அந்த ஊரில் ஒரு காலத்தில் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போன குடும்பங்கள்தான் பெரும்பாலும். இப்போது காடு கரையில் வேலை இல்லை. ஊரே பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் போகிறது. விடிந்ததும் கம்பெனி வேன்கள் வந்து நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது தெருவில் வயதானவர்களும் நாய்களும் சீருடை போட்ட பிள்ளைகளும்தான் இருப்பார்கள்.

ஏழாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை. முதல் வாரம் பயிற்சியில் சொன்னபடியே ஒன்று செய்தேன். ஒரு சார்ட்டில் சூரியன், மேகம், மழை மூன்றையும் வரைந்து வட்டத்துக்கு நடுவில் வைத்தேன். மனசு சந்தோஷமாக இருந்தால் சூரியன், சுமாராக இருந்தால் மேகம், கஷ்டமாக இருந்தால் மழை. ஆளுக்கொரு புளியங்கொட்டையை அவரவர் மனசுக்கு ஏற்ற இடத்தில் வைக்க வேண்டும். வைத்தார்கள். முக்கால்வாசிக் கொட்டைகள் மழையில் கிடந்தன. இத்தனை பிள்ளைகளுக்கு அப்படி என்ன துயரம் என்று திகைத்துப்போய், சிரித்த முகமாக உட்கார்ந்திருந்த ஒருவனைப் பிடித்துக் கேட்டேன்.

"கஷ்டம்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர். மழ பெஞ்சா கம்பெனி லீவு. அம்மா வீட்ல இருக்கும். சுடுசோறு கெடைக்கும்" என்றான்.

நான் சொன்ன விளக்கத்தை அவர்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மழை என்றால் சந்தோஷம் என்பது அவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமாக இல்லை. மறுநாள் சார்ட்டை மாற்றி மழையைச் சந்தோஷத்துக்குக் கொடுத்துவிட்டேன். பிறகு ஒருமுறை பார்வையிட வந்த அதிகாரி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் ஏன் இவ்வளவு சோர்வாக இருக்கிறார்கள் என்று என்னைக் கடிந்துகொண்டார். விளக்கிச் சொன்னேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை, டைரியில் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

வீட்டுச் சேதி சொல்கிற நேரத்திலும் அதே கதைதான். பயிற்சியில் காட்டிய வீடியோவில் பிள்ளைகள் நாய் குட்டி போட்டதையும் மாமா ஊரிலிருந்து வந்ததையும் சொன்னார்கள். என் பிள்ளைகள், இன்றைக்கு வீட்டில் யார் எங்கே போயிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்கள். எங்க அம்மா தாயில்பட்டி. எங்க அப்பா சிவகாசிக்கு லோடு ஏத்தப் போயிருக்கு. எங்க அக்கா அச்சங்குளம், இன்னைக்குத்தான் கம்பெனி மாறியிருக்கு. வேறு சேதியே இல்லையா என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். அவர்கள் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். அந்த ஊரில் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள் என்றும், இன்னார் இன்ன திசையில் இருக்கிறார் என்பது நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் நான் வேறு சேதி கேட்கவில்லை.

அந்த வகுப்பில் இரண்டு பெண்கள் இணைபிரியாத சினேகிதிகள். ஒரே தெரு, அடுத்தடுத்த வீடு. வட்டத்திலும் ஒட்டிக்கொண்டுதான் உட்காருவார்கள். ஒருத்தி வாயாடி. என் வாயிலிருந்து கேள்வி விழுவதற்குள் பதில் சொல்லிவிடுவாள். அவள் அம்மா பேன்சி ரகப் பட்டாசு செய்கிற ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். எந்த வேன், யார் பக்கத்தில் உட்கார்ந்தாள், தூக்குச்சட்டியில் என்ன குழம்பு என்பதுவரை எங்களுக்குச் சேதி வந்துவிடும். மற்றவள் அமுக்குணி. அவள் அம்மா வீட்டிலேயே உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றிக் கொடுக்கிறவள். மருந்தைக் கையால் தொடுவதில்லை. பட்டாசுக்குள் போகிற ரசாயனப் பொடிக்கு அங்கே மருந்து என்றுதான் பெயர். அதனால் அமுக்குணிக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. தன் முறை வந்ததும், "ஒண்ணும் இல்ல டீச்சர்" என்பாள். அடுத்த ஆளைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். அவள் வாயிலிருந்து ஒரு சேதியை வாங்கிவிட வேண்டும் என்று நானும் எவ்வளவோ முயன்றேன். அதட்டிப் பார்த்தேன், கொஞ்சிப் பார்த்தேன். அவள் அசைந்து கொடுக்கவில்லை.

இந்த ஊர்க்காரர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்துப் பயந்துபோனேன். ஒரு மத்தியானம் தூரத்தில் ஏதோ கம்பெனியில் வெடித்த சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் அரை மணி நேரத்துக்குள் எங்கள் பள்ளி கேட்டுக்கு வெளியே பெண்கள் ஓடி வந்து நிற்கிறார்கள். காலில் செருப்பு இல்லை. கை முழங்கை வரை பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி. கம்பெனிக்குள் நுழையும்போதே செல்போனை வாங்கி வைத்துவிடுவதால் வீட்டுக்குச் சொல்ல வேறு வழி இல்லை. உயிரோடு இருக்கிறவள் முதலில் ஓடி வருவது பள்ளிக்கூடத்துக்குத்தான். கேட்டைத் திறக்கப் போன என்னை ஒரு பெண் தடுத்தாள். "உள்ள வரல டீச்சர். பிள்ளைக்கு மொகத்தக் காட்டிட்டுப் போயிருதோம்" என்றாள். பிள்ளை கேட்டருகே போய் அம்மாவைப் பார்க்கும். அம்மா பிள்ளையைப் பார்ப்பாள். இரண்டு பேரும் பெரிதாக ஒன்றும் பேசுவதில்லை. பார்த்தானதும் அவள் திரும்பி ஓடிவிடுவாள். கூட வேலை செய்கிறவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்களே.

காலை வட்டம் தொடங்கிய அந்த வருஷம், தீபாவளிக்கு முந்தின சீசன். ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். லீவு போட்டால் இடம் போய்விடும் என்பதால் காய்ச்சலோடும் வேலைக்குப் போனார்கள். அப்படியும் போக முடியாமல் ஆகிவிட்டால் தனக்குப் பதிலாக வேறொருத்தியை அனுப்பிவைக்க வேண்டும். மாத்தாள் என்பார்கள். மாத்தாளாகப் போகிறவள் அன்றைக்கு முழுக்க மற்றவளின் பேரில்தான் வேலை பார்ப்பாள். அவள் யார், எந்த வீடு என்று உள்ளே யாரும் கேட்பதில்லை. இடத்தில் ஆள் இருந்தால் போதும்.

அன்று காலை வட்டத்தில் வாயாடி வழக்கம்போலச் சேதி சொன்னாள். அம்மா கம்பெனிக்குத்தான் கிளம்பியிருக்கிறாள், இன்றைக்கு நிறைய வேலையாம், வர இருட்டிவிடுமாம். அமுக்குணி வழக்கம்போல ஒண்ணும் இல்ல டீச்சர் என்றாள். விளையாட்டையும் முடித்துவிட்டு நான் கணக்குப் பாடத்தைத் தொடங்கினேன். போர்டில் பாதி எழுதியிருப்பேன், அப்போது அந்தச் சத்தம்.

அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. காதில் கேட்பதற்கு முன்னால் காலில் தெரிந்தது. ஜன்னல் கதவுகள் தாமாக அடித்துக்கொண்டன. பிள்ளைகள் யாரும் கத்தவில்லை. எல்லோரும் தலையைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வந்த திசையைக் கேட்டார்கள். இரண்டாவது சத்தம் வந்தது. அடுத்து தொடர்ச்சியாகச் சின்னச் சின்னதாய். கிழக்கு ஜன்னலில், பேன்சி கம்பெனி இருக்கிற பக்கம், புகை தெரிந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் வாயாடியின் பக்கம் திரும்பின.

காலை வட்டத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கேட்டுக்கொண்டதெல்லாம் அப்படி ஒரு பார்வையாக வந்து ஒரு குழந்தையின் மேல் விழும் என்று எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லவில்லை. அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அமுக்குணிதான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள்.

போர்டில் எழுதியதை அழித்தேன். எல்லோரையும் மறுபடியும் வட்டமாக உட்காரச் சொன்னேன். அது ஒன்றுதான் எனக்குத் தோன்றியது. உட்கார்ந்தார்கள்.

பெண்கள் வரத் தொடங்கினார்கள். சத்துணவு சமைக்கிற அம்மா கேட்டருகே நின்றுகொண்டு, வந்தவள் யாருடைய தாய் என்று பார்த்துப் பிள்ளையின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். அந்தப் பிள்ளை எழுந்து ஓடும். அம்மாவின் முகத்தைப் பார்க்கும். திரும்பி வந்து தன் இடத்தில் உட்காரும். வீட்டுக்குப் போகலாம் என்று நான் சொல்லியும் யாரும் போகவில்லை. ஒருத்தியின் அம்மா வரவில்லை என்றால் வட்டம் கலையக் கூடாது என்று அவர்களே முடிவு செய்துகொண்டது போல இருந்தது. பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளின் முகத்தில் சந்தோஷத்தைக் காட்டக் கூடாது என்கிற கவனம் இருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்? வாயாடிக்குத் தெரியாதபடி ஒருவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மத்தியானம் சோறு வந்தது, முட்டையும் வந்தது. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அமுக்குணி மட்டும் தன் தட்டில் சோற்றைப் பிசைந்து வாயாடிக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஊட்டிக்கொண்டே பேசினாள். அந்தப் பெண் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. ரோட்டில் ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் மறித்துக்கொண்டு நிற்கும், நடந்து வர நேரமாகும் என்றாள். அடிபட்டவர்களை ஏற்றிவிடுவதற்கு நின்றிருப்பாள், உங்கள் அம்மா அப்படி யாரையும் விட்டுவிட்டு வருகிறவளா என்றாள். வேலை முடியவில்லை என்று வேறு கம்பெனிக்கு அனுப்பியிருப்பார்கள் என்றாள். ஒரு காரணம் தீர்ந்ததும் இன்னொன்று வைத்திருந்தாள். வாயாடி அவள் வாயையே பார்த்துக்கொண்டு, ஊட்டியதை மெல்லாமல் விழுங்கினாள்.

பாட வேளை இரண்டு கழிந்திருக்கும். தலைமையாசிரியர் என்னை வெளியே கூப்பிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கம்பெனியில் வேலை பார்க்கிற தெரிந்தவர் ஒருவர் போன் பண்ணினாராம். அந்த அறையில் இருந்தவர்களில் யாரும் மிஞ்சவில்லை, வாயாடியின் அம்மா அந்த அறையில்தான் இருந்தாள் என்று சொன்னாராம். சொந்தக்காரர்கள் யாராவது வரட்டும், அதுவரை பிள்ளையிடம் வாய் திறக்க வேண்டாம் என்றார். எத்தனையோ விஷயத்தில் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன். அன்று தலையை ஆட்டினேன்.

திரும்பி வந்து வட்டத்தில் உட்கார்ந்தேன். வாயாடியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்திருந்த அமுக்குணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடவுள் இந்தப் பெண்ணையாவது அவள் பக்கத்தில் வைத்தாரே என்று நினைத்தேன். இவள் வீட்டில் இன்றைக்கு ஒரு குறையும் இல்லை, இவள் அம்மா வாசலில் உட்கார்ந்து குழாய் சுற்றிக்கொண்டிருப்பாள், இவர்கள் வாயாடியைத் தாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்க மாட்டேன். எனக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

பள்ளி விடுகிற நேரம் நெருங்கும்போது கேட்டருகே சமையலம்மா ஒரு குரல் கொடுத்தார். அந்தக் குரலிலேயே நாங்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம். வாயாடியின் அம்மா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கையில் வெள்ளிப் பொடி இல்லை. தலை ஈரமாக இருந்தது. வேலைக்குப் போகிற சேலையும் இல்லை. வகுப்பு மொத்தமும் கத்தியது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தக் கத்தலில் வெளியே வந்தது. வாயாடி ஓடிப் போய் அம்மாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நானும் வாய்விட்டு அழுதேன். போன் பண்ணியவனைத் திட்டக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் அந்த அம்மா மகளைப் பார்க்கவில்லை என்பதைக் கவனித்தேன். மகளின் தலைக்கு மேலாக, வகுப்பறை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அமுக்குணி நின்றிருந்தாள். சினேகிதியின் அம்மா வந்துவிட்ட சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பல் கொஞ்சம் எடுப்பாக இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

அந்த அம்மா என் அருகே வந்து மெதுவாகச் சொன்னாள். காலையில் மற்றவர்களெல்லாம் முந்தின வேனில் போய்விட, பிள்ளைகளும் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு, கடைசி வேனுக்குக் காத்து நிற்கும்போது போன் வந்ததாம். ஆலங்குளத்தில் அவள் நாத்தனார் வீட்டில் ஒரு சாவு. துட்டிக்குப் போகாமல் இருக்க முடியாது. சீசன் நேரத்தில் இடத்தைக் காலியாக விடவும் முடியாது. சுற்றி முடித்த குழாய்களைச் சாக்கில் கட்டி வேனில் ஏற்றிவிட வந்து நின்ற பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டிருக்கிறாள். அவளும், பிள்ளைகள்தான் பள்ளிக்குப் போய்விட்டார்களே, சாயந்தரத்துக்குள் வந்துவிடப் போகிறேன் என்று அப்படியே ஏறிவிட்டாள். சாவு வீட்டில் எடுத்து முடித்துக் குளித்த பிறகுதான் யாரோ சேதி சொன்னார்கள். பஸ் பாதி வழியோடு நின்றுவிட்டது. மிச்சத்தை ஓடியே வந்திருக்கிறாள்.

"மாத்தாளா அவளத்தான் அனுப்புனேன் டீச்சர். எம் பேருலதான் உள்ள போனா" என்றாள்.

யாருக்காக வந்தாளோ அந்தப் பெண்ணைக் கூப்பிட அவளுக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. நாங்கள் நின்ற நிலையைப் பார்த்து அமுக்குணி தானாகவே நடந்து வந்தாள். பாதித் தூரத்திலேயே அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"எங்க அம்மா வீட்லதான இருக்கு பெரிம்மா?" என்று கேட்டாள்.

அதற்கப்புறம் நடந்ததை எழுத எனக்குத் தெம்பு இல்லை. எல்லாச் சாவு வீட்டிலும் நடக்கிறதுதான் நடந்தது. அதற்கடுத்த நாட்களில் வாயாடியின் அம்மா ஒவ்வொரு அதிகாரியிடமும் போய், செத்துப்போனது நான் இல்லை, என் பேரில் இருந்தவள் இன்னாருடைய மனைவி என்று சொல்ல வேண்டியிருந்தது. அப்படிச் சொன்னால் இனி எந்தக் கம்பெனியும் உன்னைச் சேர்க்காது என்று சிலர் பயமுறுத்தினார்களாம். அவள் கேட்கவில்லை. உயிரோடு இருக்கிறவள் வந்து நின்று நான் சாகவில்லை என்று சொல்வதைக்கூட சந்தேகமாகப் பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டபோது, எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேஜைகளையெல்லாம் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது.

சில நாள் மூடிக் கிடந்த பள்ளி திறந்ததும் நான் காலை வட்டத்தை நிறுத்திவிட்டேன். தலைமையாசிரியரிடம் சொல்லவும் இல்லை, அவர் போட்டோ கேட்கவும் இல்லை. ஆனால் பிள்ளைகள் விடவில்லை. நான் வருகைப் பதிவேட்டை எடுப்பதற்குள் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். சரி என்று உட்கார்ந்தேன். வணக்கம் சொல்வதோடும், வாயால் எண்ணுகிற ஒரு விளையாட்டோடும் முடித்துக்கொண்டேன். கை தட்டுகிற விளையாட்டு எதையும் வைக்கவில்லை. வீட்டுச் சேதி கேட்கவே இல்லை.

வாயாடி பேசுவதை விட்டுவிட்டாள். தன் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டுத்தான் உட்காருவாள். அந்த இடத்தில் வேறு யாராவது உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவாள். அவள் அம்மா உயிரோடு இருப்பதற்கு அவள் என்ன செய்வாள்? அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று பல ராத்திரி யோசித்தேன். அவளுக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். சினேகிதி திரும்பி வரும்போது தன் முகத்தில் முழிப்பாளா என்பதுதான் அந்தப் பயம். எனக்கும் அதே பயம்தான்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு திங்கட்கிழமை அமுக்குணி வந்தாள். எண்ணெய் வைக்காத தலை, நன்றாக மெலிந்திருந்தாள். தம்பியைக் கிளப்பிவிட்டு வர நேரமாகிவிட்டது என்று என்னிடம் சொல்லிவிட்டு வாசலில் நின்றாள். வட்டத்தில் எல்லோரும் அவளுக்கு இடம் கொடுக்க நகர்ந்தார்கள். அவள் ஒரு நிமிடம் பார்த்தாள். அப்புறம் சுற்றிக்கொண்டு போய் வாயாடி விட்டு வைத்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். வாயாடி தலையை நிமிர்த்தவில்லை.

வணக்கம் சுற்றி வந்தது. நான் அவசரமாக விளையாட்டைத் தொடங்கப் பார்த்தேன். அதற்குள் ஒருவன், பழைய பழக்கத்தில், எங்க அப்பா லோடு ஏத்தப் போயிருக்கு என்று சொல்லிவிட்டான். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் பக்கத்தில் இருந்தவள், எங்க அம்மா அச்சங்குளம் என்றாள். அடுத்தவனும் சொன்னான். சேதி ஒவ்வொருவராகத் தாண்டி வாயாடியிடம் வந்து நின்றது.

"எங்க அம்மா வீட்லதான் இருக்கு. வேலைக்குப் போகல" என்றாள், தரையைப் பார்த்தபடி.

அது பொய் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். போன வாரத்திலிருந்தே அவள் அம்மா வேறொரு கம்பெனிக்குப் போகத் தொடங்கியிருந்தாள். எப்படியோ ஒரு கம்பெனி சேர்த்துக்கொண்டது. அதைவிட்டால் அந்த ஊரில் வேறு வேலை ஏது? அடுத்த முறை அமுக்குணிக்கு. அவள் ஒண்ணும் இல்ல டீச்சர் என்று சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட்டால் போதும் என்று நான் வேண்டிக்கொண்டேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. வாயாடியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"பொய் சொல்லாத பிள்ள. பெரிம்மா காலைல வேன்ல ஏறுனத நான் பாத்தேன்" என்றாள். வாயாடியின் தோள் குலுங்கத் தொடங்கியது. அமுக்குணி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "சாயந்தரம் வந்ததும் எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போகச் சொல்லு. எனக்கும் மொகத்தக் காட்டிட்டுப் போகச் சொல்லு."